தேயிலைக்கு நல்ல காற்று, நடைக்கும் நல்ல காலம்

ஆசிரியருக்கு,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாக, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் நடைபாதை பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, ஏற்ற காலம் "டிசம்பர் முதல் மார்ச் வரை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. ஒரு நாள் நடந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்த வரி போதும். 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை, 22 கட்டங்களையும் தொடர்ச்சியாக நடக்க நினைப்பவர் அதை நம்பி டிசம்பரில் புறப்பட்டால், அப்புத்தளைக்குப் பிறகு நாள்தோறும் ஈரச் சப்பாத்தோடுதான் நடக்க வேண்டிவரும்.

பாதை மலைமுதுகின் இரண்டு பக்கமும் இறங்கி ஏறுவதுதான் சிக்கல். பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையை நேராக வாங்குகிற பக்கம் அது. டயகம தாண்டி, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஏறி, அப்புத்தளையில் இறங்கினால் கிழக்குச் சரிவான ஊவா. எல்ல, தெமோதரை, பிறகு வடக்கே திரும்பி உடப்புசல்லாவை வரை, டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ் பருவமழைதான் அங்கே ஆட்சி. மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் இடைப்பருவம். பிற்பகல் இடிமழைக்கு அப்போது மேற்கு, கிழக்கு என்ற பேதம் கிடையாது.

இதை எளிதாக நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. தேயிலை வியாபாரத்தில், மேற்குச் சரிவில் விளையும் திம்புள்ளைத் தேயிலையின் தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஒரு பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்த காற்று, மலைமுதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது வறண்டு போகிறது. அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளரும், வாசனை ஏறும். அதே நாட்களில்தான் அந்தப் பக்கத்துத் தோட்ட ரோடும் காய்ந்து இறுகி, கருங்கல் படிகளில் பாசி வழுக்காமல் இருக்கும். தேயிலை ஏல விலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் அந்தந்தப் பக்கம் நடந்தால் பெரும்பாலும் தவறு வராது. சுற்றுலாக் கையேடுகளைவிட இந்தக் கணக்கு நம்பகமானது என்பது என் அபிப்பிராயம்.

ஒரே தடவையில் முழுவதும் நடப்பவர் பெப்ரவரி முதல் வாரத்தில் ஹந்தானையிலிருந்து புறப்படுவது நல்லது. ஒரு கட்டம் சராசரி 13 அல்லது 14 கிலோமீற்றர். ஏற்ற இறக்கத்தோடு மணிக்கு 3 கிலோமீற்றர் என்று வைத்தால், நிற்கும் நேரம் சேர்த்து ஐந்தரை, ஆறு மணித்தியாலம். 22 நாள் நடை, ஓய்வுக்கும் சலவைக்கும் நான்கைந்து நாள் என்று எடுத்தால் மொத்தம் 27 நாள். பெப்ரவரி நடுப்பகுதிக்குள் மேற்குச் சரிவு காய்ந்த நிலையிலேயே முடிந்துவிடும். அப்புத்தளையைத் தொடும்போது வடகீழ் மழை தளர்ந்திருக்கும். மார்ச் முதல் வாரத்தில், பிற்பகல் இடி வலுக்கும் முன்பே, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கு வந்துவிடலாம்.

இதே பெப்ரவரியில் தலைகீழாக, நுவரெலியாவிலிருந்து தொடங்குவது தவறு. உடப்புசல்லாவைப் பக்கம் வடகீழ் மழையின் வால்பகுதியில் அகப்படும். கடைசியில் ஹந்தானைப் பக்கம் சேர்வதற்குள் மார்ச் இடிமழையும் ஆரம்பிக்கலாம். ஜனவரி தொடக்கத்தில் புறப்படுவதும் பாதி சூதாட்டம்தான். பாதையின் தொடக்கத்திலுள்ள கலஹா, லூல்கந்துரப் பகுதிகளுக்குக் கிழக்கு மழையும் வந்து சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் வணிகத் தேயிலையை 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய லூல்கந்துரத் தோட்டத்தை மூடுபனிக்குள் தேடித் திரிவதில் என்ன இருக்கிறது?

ஒரு மாத விடுமுறை யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டால், கேள்வி நியாயமானது. அவர்கள் பாதையை அப்புத்தளையில் வெட்டி இரண்டாக்கிக் கொள்ளட்டும். மேற்குப் பாதி பெப்ரவரியில், ஊவாப் பாதி ஜூலை அல்லது ஓகஸ்டில். ஆனால் ஊவாவின் அந்த வறட்சிக்கும் விலை உண்டு. கச்சான் என்ற வறண்ட மேல்காற்று நாள் முழுக்க வீசும். குடை ஒரே நாளில் மடங்கி உடையும், கயிறு இல்லாத தொப்பி பள்ளத்துக்குப் போகும். பத்தனைப் புல்வெளியில் நிழல் கிடையாது, தீப்பற்றும் அபாயமும் உண்டு. தீக்குச்சி, பீடி எதுவும் அங்கே எடுக்கக் கூடாது. அப்புத்தளை மட்டும் கணவாயின் மேல் உட்கார்ந்திருப்பதால் இரண்டு பக்கத்து மேகமும் வரும். காட்சி வேண்டும் என்றால் எந்த மாதமானாலும் காலை 9 மணிக்குள் மேட்டில் நிற்க வேண்டும்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது ஒக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரை. மீரியபெத்தைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 காலை. டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது 2025 நவம்பர் இறுதியில். முழு வருட மழையும் ஊறியிருக்கும் மண் மேல் இந்த மாதங்களின் மழை விழுகிறது. அதனால்தான் முந்தைய நாள் அமைதியாக இருந்த சரிவு மறுநாள் இறங்குகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை விடுகிறது. நடப்பவர் மஞ்சளிலேயே நின்றுவிட வேண்டும். குடியிருப்பவருக்கு விழிப்பாக இரு என்று சொல்லும் நிறம், வெட்டிய சரிவின் அடியில் ஆறு மணித்தியாலம் நடப்பவருக்குப் போகாதே என்றுதான் பொருள். சாய்ந்து நிற்கும் மரம், புதிதாக விரிந்த வெடிப்பு, திடீரென்று சேறாக வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வந்த வழியே திரும்புங்கள். எச்சரிக்கை இருக்கும் நாட்களில் பதுளை ரயிலை நம்பியும் திட்டம் போடாதீர்கள்.

இடைப்பருவத்தில் நடந்தே தீர வேண்டும் என்பவர் காலை 6.15க்குப் புறப்பட்டு, பகல் 1 மணிக்குள் கூரைக்குக் கீழ் போய்விட வேண்டும். இடி கேட்டால் மேட்டிலும் தனிமரத்தடியிலும் நிற்கக் கூடாது. ஜூன், ஜூலையில் மேற்குச் சரிவில் அட்டைதான் தலையாய தொல்லை. மேஸின் (காலுறையின்) விளிம்பில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்தால் ஓரளவு ஏறாது. உப்பு மழையில் கரைந்து போகும். அட்டையைவிட மோசம், மூன்று நாள் காயாத மேஸ். பாதத் தோல் ஊறி உரிய ஆரம்பித்தால் நான்காம் நாள் நடை இல்லை.

பருவம் சரியாக இருந்தாலும் நாட்காட்டி காலைவாரும். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை ஓடுகிறது. பெப்ரவரி வார இறுதியிலும் பௌர்ணமியிலும் ஹட்டன், நோர்வூட் பக்கம் அறை கிடைக்காது. அந்தக் கட்டங்களைத் திங்கள் முதல் வியாழன் வரை விழும்படி எண்ணிக்கொண்டு புறப்படுங்கள். ஏப்ரல் புத்தாண்டை ஒட்டித் தோட்டக் கடைகள் நாட்கணக்கில் பூட்டியிருக்கும், முச்சக்கரவண்டியும் அரிது. நுவரெலியாவிலோ அது வசந்த காலக் கொண்டாட்டம், அறை வாடகை எகிறும்.

பெப்ரவரிக்குப் போகிறவர் மழைக்கோட்டைக் குறைத்துக் குளிருக்கு எடுத்துப் போகட்டும். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் விடியற்காலையில் புல் மேல் உறைபனி படிவதுண்டு. தடித்த சுவெட்டர் ஒன்றும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம். சிற்றோடைகள் அந்த மாதத்தில் வற்றும். ஓடுகிற ஓடையானாலும், மேலே தேயிலை மலை இருந்தால் குடிக்க வேண்டாம். களைநாசினியைக் கொதிக்க வைத்தோ சாதாரண வடிகட்டியில் வடித்தோ போக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரைக் காலையிலேயே தங்குமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படிக்கு,
மலைநடை வாசகர் ஒருவர்,
அப்புத்தளை