உத்திரத்தின் அடியில் தகடு ஒட்டும் பொறியாளர்களுக்கு

அன்புள்ள கட்டமைப்புப் பொறியாளர்களே,

பழைய கான்கிரீட் பீமின் அடியில் கார்பன் இழைத் தகட்டை எபாக்சிப் பசையால் ஒட்டிவிட்டு, தாங்குதிறன் கூடிவிட்டது என்று வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். மெல்ல ஏறும் பாரத்துக்கு அது சரி. 1991-இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் அருகே இபாக் பாலத்தைச் சீராக்கச் சில கிலோ கார்பன் தகடே போதுமானதாக இருந்தது. அந்த நுட்பத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. என் கவலையெல்லாம் லாரி மோதக்கூடிய பாலத்து உத்திரத்தையும், கிரேனிலிருந்து சுமை நழுவி விழக்கூடிய தளத்தையும் பற்றித்தான்.

300 கிலோ எடை 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிட்டத்தட்ட 5.9 கிலோஜூல் ஆற்றல். அடி விழுந்த முதல் கணத்தில் அதன் அதிர்வு பீமின் முனைகளைத் தாங்கும் தாங்கிகளைப் போய்ச் சேர்ந்தே இருக்காது. பீமின் சொந்த நிறைதான் எதிர்த்து நிற்கும். அதனால் அடிபட்ட இடத்தை ஒட்டியே வெட்டு விசை (பீமைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் விசை) குவிந்து, இருபுறமும் சாய்வு விரிசல் இறங்கி, நடுவில் ஓர் ஆப்பு பிய்த்துக்கொண்டு கீழே வரப் பார்க்கும். மெல்ல ஏற்றும் சுமையில் நிதானமாக வளைந்து உடைகிற அதே பீம், மோதலில் வெட்டில் உடைந்துவிடலாம். அடியில் மட்டும் தகடு ஒட்டி, வளைவைத் தாங்கும் திறனை மட்டும் கூட்டினால் இந்த ஆபத்து கூடவே செய்யும்.

அப்புறம் தகடு உரிவது. சாய்வு விரிசலின் ஒரு கரை கீழே நழுவும்போது தகடும் அதோடு கீழே தள்ளப்பட்டுப் பிரியத் தொடங்குகிறது. நல்ல எபாக்சி பெரும்பாலும் தோற்பதில்லை. ஒட்டிய கான்கிரீட்டின் மெல்லிய தோல்தான் கிழிந்து வருகிறது. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அமுக்கவலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவுதானே! எஃகாவது நெகிழ்ந்து நீண்டு ஆற்றலை விழுங்கும். கார்பன் நெகிழாது, முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். மோதல் நேரக்கூடிய இடத்தில் வெட்டுவலிமையை முதலில் சரிபாருங்கள். அடித்தகட்டோடு நிறுத்தாமல், பக்கங்களில் ஏறும் 'யு' வடிவ உறைகளை, மோதல் எதிர்பார்க்கும் இடத்தைச் சுற்றி நெருக்கமாகவே போடுங்கள். தகட்டின் முனைகளை நங்கூரமிடுங்கள். தகடு முழுவதும் உரிந்து விழுந்தாலும் பீம் தன் அன்றாடச் சுமையைத் தாங்குமா என்ற கணக்கையும் வரைபடத்தோடு இணையுங்கள்.

அக்கறையுடன்,
உங்களில் ஒருவன்