அப்பா பெயரில் அறை வேண்டாம்

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சாமுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் நலம். மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறார்களா? போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா நினைவாக இங்கே சி.எம்.சி.க்கு, அதுதான் நம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, ஒரு தொகை கொடுத்து, ஒரு அறைக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லலாம் என்றாய். அதே மூச்சில், "அங்கேயும்தான் பில் போடுகிறார்கள், அப்புறம் என்னம்மா தர்ம ஆஸ்பத்திரி?" என்றும் கேட்டாய். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே நர்ஸாக இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! சரி, கேட்டுவிட்டாய்.

பில் போடத்தான் செய்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நீ. தனி அறை கேட்பவர் அதற்கான பணத்தைக் கட்டுகிறார். அதில் மிஞ்சுவதும் நன்கொடையாக வருவதும் சேர்ந்துதான் கட்ட முடியாதவருடைய பில்லைக் குறைக்கிறது. யாரிடமும் வாங்க மாட்டேன் என்று வெளிநாட்டுக் காசை மட்டும் நம்பி நடந்த மிஷன் ஆஸ்பத்திரிகள், அந்தக் காசு வற்றியதும் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன. எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை.

ஆனால், பில்லில் கழிப்பதை நான் பெரிய தர்மமாக நினைப்பதில்லை. பில்லே ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். 1982-இல் வேலூர் டவுன் ஏழைகளுக்கென்று, குறைந்த செலவில் வைத்தியம் பார்க்க, சி.எம்.சி.யில் லோ காஸ்ட் யூனிட் ஆரம்பித்தார்கள் அல்லவா, அங்கே உட்காரும் டாக்டருக்கு அதுதான் வேலை. ஸ்கேன் எழுத எந்த டாக்டராலும் முடியும். கையால் தொட்டுப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, இது வேண்டாம் என்று முடிவெடுக்கத்தான் நல்ல படிப்பு வேண்டும். அந்த முடிவுக்கு ரசீது கிடையாது. எந்தக் கணக்கிலும் வராது.

அங்கே வந்த ஒருத்தியைச் சொல்கிறேன். பீடி சுற்றும் ஒரு அம்மா, சுகர், காலில் புண். அட்மிட் ஆகச் சொன்னால் முடியாது என்கிறாள். பீடி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. மூட்டை கட்டிக்கொண்டு எழுந்தவளை டாக்டர் திட்டவில்லை. தினம் எத்தனை கட்டு சுற்றுகிறாய், யார் சமைக்கிறார்கள், வீட்டில் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று விசாரித்தார். இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தோம். மகளுக்குக் கட்டுப் போடக் கற்றுக் கொடுத்தோம், வாரம் ஒரு நாள் நானே போய்ப் பார்த்தேன். நல்லவேளையாகப் புண் எலும்பு வரை போகவில்லை. போயிருந்தால் கையைப் பிடித்து இழுத்தாவது சேர்த்திருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். புண் ஆறியதும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தோம். மரத்துப்போன காலுக்கான அந்த மெத்து ரப்பர் செருப்பு, சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பால் பிராண்ட் காலத்தில், இங்கேயும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்காக உருவானது. ஊரே ஒதுக்கி வைத்தவர்களுக்காகச் செய்தது, இன்றைக்கு சுகர்காரர் எல்லாருடைய காலையும் காப்பாற்றுகிறது.

கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வேனில் போவோமே, நினைவிருக்கிறதா? எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று அந்த ஊர்ப் பெண் ஒருத்தி முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாள். நாங்கள் போய் இறங்கி, எடை பார்த்து, பிரஷர் பார்த்து, கஷ்டமான பிரசவம் என்று தெரிந்தால் பாகாயத்தில் இருக்கும் நம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுவோம். சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா அந்தக் காலத்தில் குடியாத்தம் சாலையில் மரத்துக்கு மரம் நின்று மருந்து கொடுத்தது போலத்தான். அவர் முதலில் மாட்டு வண்டியில் போனார், 1909-இல் ஒரு பெஜோ கார் வந்தது. எங்களுக்கு டீசல் வேன், அதுவும் பாதி நாள் தள்ளித்தான் கிளம்பும்!

ஜெபம் பிடிக்காத நோயாளியை எப்படி நடத்துவார்கள் என்றும் கேட்டிருந்தாய். வார்டில் காலையில் ஜெபம் நடக்கும். பிடிக்காதவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவருக்கும் அதே ஊசி, அதே கஞ்சிதான்.

இனி அறை விஷயம். பெயர் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐடா அம்மா 1900-இல் அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்து முடித்து வந்து, அவருடைய அப்பாவின் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கையோடு திறந்த ஆஸ்பத்திரி, நியூயார்க் பேங்க்காரர் ஒருவர் செத்துப்போன மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது. இன்றும் நம் ஊர்க்காரர் கண் காட்டப் போவது அந்த ஷெல் ஆஸ்பத்திரிக்குத்தான். அந்த அம்மாள் யார், எப்படி இருந்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது, பெயர் மட்டும் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. அன்றைக்குக் கட்டிடம் இல்லை, அதனால் கட்டிடத்துக்குக் கொடுத்தது சரி. இன்றைக்கு ராணிப்பேட்டையில் சி.எம்.சி.யின் புது ஆஸ்பத்திரியே எழும்பிவிட்டது. கட்டிடத்துக்குக் கொடுக்க உன்னைவிடப் பெரிய கைகள் இருக்கின்றன.

உன் அப்பாவோ ரேஷன் கார்டில் பெயரைத் தப்பாகப் போட்டபோதுகூடப் "பரவாயில்லை, அரிசி சரியாக வருகிறதே" என்று விட்டுவிட்ட மனுஷர். அவருக்குப் பித்தளைப் பலகை எதற்கு? ஏழை நோயாளிகளின் செலவுக்கென்று ஆஸ்பத்திரி வைத்திருக்கும் நிதிக்கு அனுப்பு. ஒரேயடியாக வேண்டாம், வருஷா வருஷம் அனுப்பு. ஒரு தரம் பெரிதாகக் கொடுத்துவிட்டு மறந்துபோகிற ஆள் நீ, கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. நீ இப்போது கனடா பாஸ்போர்ட்காரன். உன் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில்தான் வர வேண்டும், அதற்கு இங்கே தனிச் சட்டம் இருக்கிறது. என் பேங்க் கணக்கில் போட்டு என்னைக் கட்டச் சொல்லும் யோசனையெல்லாம் வேண்டாம். நன்கொடை ஆபீசுக்கு நீயே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்பு. அக்காவும் பாதி போடுகிறேன் என்றாள், அவள் திருச்சியிலிருந்து தனியாகக் கட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா