லூபஸ் நோயாளியை வரிசையில் உட்கார வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். என் தங்கைக்கு லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய். அவளை அவசரப் பிரிவில் காக்க வைத்தது பற்றிய என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. நடந்தது முழுவதும் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, திரும்ப எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

அவசரப் பிரிவில் பதியும்போதே அவள் சொன்னாள்: "லூபஸ் இருக்கு, கிட்னியும் பாதிச்சிருக்கு. தலை பிளக்குது, கண்ணு மங்கலாத் தெரியுது." ரத்த அழுத்தம் 190ஐத் தாண்டியதைத் தாதியும் குறித்துக்கொண்டார். அப்புறம் ஒரு சீட்டைக் கொடுத்து, திரையில் எண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். கண் தெரியவில்லை என்று வந்தவளிடம்! நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொன்னேன். அவள் எண் வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

'நடைமுறைப்படியே முன்னுரிமை தரப்பட்டது' என்கிறது உங்கள் கடிதம். அதுதான் நடைமுறை என்றால் அதை மாற்றுங்கள்.

எம்ஆர்ஐ எடுத்த பிறகு 'பிரெஸ்' என்றார்கள். மூளையின் பின்பகுதியில் வீக்கம். 1996லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட கோளாறு இது. லூபஸ், சிறுநீரகப் பாதிப்பு, திடீரென ஏறும் ரத்த அழுத்தம், நோய் எதிர்ப்பை அடக்கும் சில மருந்துகள் ஆகியவை இதைக் கிளப்பிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கையிடம் நான்குமே இருந்தன. அழுத்தத்தைக் காலத்தோடு, பதமாக இறக்கினால் வீக்கம் பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ வடிந்துவிடும். தாமதித்தால் ரத்தக்கசிவு வரலாம், பாதிப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடலாம்.

அவளுக்குப் பார்வை திரும்பிவிட்டது. 'நலமடைந்ததில் மகிழ்ச்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும்தான். அதற்காக அன்று காக்க வைத்தது சரி என்று ஆகிவிடுமா?

லூபஸ் வருபவர்களில் 10க்கு 9 பேர் பெண்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அவர்கள் தலைவலி என்றாலே "தூக்கம் இல்லையா, வேலையில் ஸ்ட்ரெஸ்ஸா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. கூட்டம் அதிகம், படுக்கை போதவில்லை, எல்லாம் தெரியும். ஆனால் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு மறுநாளே குறுஞ்செய்தி அனுப்ப மட்டும் யாருக்கோ நேரம் இருந்திருக்கிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். லூபஸ் நோயாளி தலைவலி, மங்கலான பார்வை, எகிறிய ரத்த அழுத்தம் இவற்றோடு வந்தால் தயவுசெய்து வரிசையில் உட்கார வைக்காதீர்கள். மருத்துவர் உடனே பார்க்கட்டும், நோயாளியின் லூபஸைத் தொடர்ந்து கவனிக்கும் வாதநோய் நிபுணருக்கும் தகவல் போகட்டும். இந்த மாற்றம் எப்போது நடக்கும் என்று எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு லூபஸ் நோயாளியின் அண்ணன்
சிங்கப்பூர்