ராத்திரி சாவி யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வெளிநாட்டுக்கு மிஷனரியாகப் போகும் நம் தென் மாவட்டத்து வாலிபர்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பையனைப் பற்றி "பள்ளி விடுதியில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் நான் இரண்டு வருடம் குடியிருந்தவன், அதனால்தான் இந்தக் கடிதம்.

2013 ஜனவரியில் எனக்கு 23 வயது. பி.எஸ்ஸி. முடித்து, ஒன்பது மாதம் வேதாகமப் பயிற்சி எடுத்து, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு கென்யாவுக்கு விமானம் ஏறினேன். நைரோபிக்கு வடமேற்கே, ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு மிஷன் பள்ளி, பெயர் வேண்டாம். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை 46 பையன்கள். ஒரே நீள ஹால், இரண்டடுக்குக் கட்டில்கள், ஆளுக்கொரு தகரப் பெட்டி, அதற்கொரு பூட்டு. ஹாலின் கோடியில் எனக்கு ஒரு அறை. பிள்ளைகளைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் மே மாதத்தில் பத்து நாள் வி.பி.எஸ். (சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்திப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். பத்து நாள் வி.பி.எஸ்ஸில் எந்தப் பிள்ளைக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி வராது, ஏனென்றால் சாயங்காலம் அது அம்மாவிடம் போய்விடும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோயிருந்தேன். ஜூலையில் அந்த மலையில் பத்து மணி வரை பனிமூட்டம் விலகாது. சாப்பாடு கஷ்டமாக இல்லை. உகாலி என்பது மக்காச்சோளக் களி, கிதேரி என்பது சோளமும் பயறும் சேர்த்து அவித்தது, கிட்டத்தட்ட நம் சுண்டல். தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்ற கீரை, பெயருக்கு அர்த்தமே "வாரத்தைத் தள்ளு" என்பதுதான், மாசக் கடைசியில் எல்லா வீட்டிலும் அதுதானாம். சப்பாத்தியும் சாயாவும் நம் நாட்டிலிருந்து போன பெயரோடு அப்படியே இருக்கின்றன, சப்பாத்தி போடும் நாளில் பையன்கள் கத்தும் சத்தம் சமையல்கூடத்துக்குக் கேட்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் மாதத்திலேயே நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தினமும் படுக்கையை நனைப்பான். சுத்தம் முக்கியம் என்று நினைத்து, காலையில் அவனையே மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே புல்லில் போட வைத்தேன். நாற்பத்தைந்து பையன்கள் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார்கள். நாலு நாள் கழித்து அவன் ராத்திரியில் படுக்கவே மறுத்துக் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தான், எனக்குக் காரணம் புரியவில்லை, ஜெபம் பண்ணிப் படு என்றேன்!

அங்கே துணிமணி பார்க்கும் கிக்குயு இனத்து அம்மா ஒருவர் இருந்தார், அறுபது வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்புப் படித்தாரோ தெரியாது. என்னை அவர் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் ஹாலுக்குள் வந்து, மூட்டைப்பூச்சிக்கு வெயில் காட்ட வேண்டும் என்று சொல்லி 46 மெத்தையையும் வெளியே போடச் சொன்னார். என் மெத்தையையும்தான். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை எல்லா மெத்தையும் வெயிலுக்குப் போகும், யாருடையது ஈரம் என்று யாருக்கும் தெரியாது. மற்ற நாட்களில் பையன்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போனதும் அவரே வந்து விரிப்பை மாற்றிவிட்டுப் போவார். ஒன்பது மாதப் பயிற்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதெல்லாம் சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று சாவி. ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கணைத்து ஹாலுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போட வேண்டும், பையன்கள் வெளியே போய்விடுவார்கள் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் பூட்டினேன். சாவி என் தலையணைக்கடியில். அந்த நாட்டில் 2001 மார்ச்சில், மச்சாக்கோஸ் பக்கம் கியாங்குலி என்ற பள்ளியின் விடுதிக்கு மாணவர்களே தீவைத்து 67 பையன்கள் கருகிச் செத்தார்கள். இரண்டு கதவில் ஒன்று பூட்டியிருந்தது, ஜன்னலில் கம்பி. அதற்கப்புறம் 2008ல் அரசு விதி போட்டது: விடுதிக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஜன்னலுக்குக் கம்பி கூடாது, பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டவே கூடாது. நாங்கள் பூட்டிக்கொண்டிருந்தது 2013ல். பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும், மறுநாள் முதல் நான் பூட்டவில்லை, மேலிடத்தில் கொஞ்சம் பேச்சு வாங்கினேன். 2024 செப்டம்பரில் நியேரியில் ஹில்சைடு எண்டராஷா பள்ளி விடுதி எரிந்து 21 பையன்கள் இறந்த செய்தியை இங்கே வீட்டில் உட்கார்ந்து படித்தபோது, அந்தத் தலையணைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்புறம் தெற்கு சூடானிலிருந்து வந்து படித்த அண்ணன் தம்பி இரண்டு பேர். 2013 டிசம்பரில் அவர்கள் நாட்டுத் தலைநகர் ஜூபாவில் சண்டை ஆரம்பித்தபோது லீவுக்கு ஊருக்குப் போகாமல் பள்ளியிலேயே இருந்தார்கள். கென்யாவில் போன் கிடைக்காவிட்டால் "ம்தேஜா" என்பார்கள், அந்த ரெக்கார்டிங்கில் வரும் முதல் வார்த்தை அது. அவர்களுடைய அப்பா நம்பர் ஏழு வாரம் ம்தேஜா. மூத்தவன் பகலில் ஒன்றும் கேட்கமாட்டான், விளக்கணைத்த பிறகுதான் கேட்பான். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது. கடைசியில் தினமும் ஆறு மணிக்கு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கையிலேயே போனைக் கொடுத்து நம்பரைப் போடச் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தால் போதும் என்று பட்டது. பிப்ரவரியில் ஒரு உகாண்டா நம்பரிலிருந்து அழைப்பு வந்தது, அங்கே அட்ஜுமானி அகதி முகாமிலிருந்து அவன் அம்மா. அப்பாவைப் பற்றி அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனும் கேட்கவில்லை.

இதையெல்லாம் எழுதுவது ஊழியத்தைக் குறை சொல்ல இல்லை, நானும் அதே சபைக்குத்தான் போகிறேன். ஆனால் "ஒப்புக்கொடுத்த வாலிபர்கள் தேவை", அதாவது கர்த்தருடைய வேலைக்குத் தங்களையே கொடுத்தவர்கள் தேவை, என்று சபைப் பத்திரிகையில் விளம்பரம் போடுகிறவர்கள், ஒப்புக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் மாமூ என்ற ஊரில், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி இருந்தது, 1971ல் மூடினார்கள். அங்கே வளர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகு, தங்களை அடித்ததையும் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதையும் வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த மிஷனே தனியாக ஒரு குழு போட்டு விசாரித்தது. 1998ல் அறிக்கை வந்தது, பிள்ளைகள் சொன்னது உண்மைதான் என்று. அங்கேயும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஒப்புக்கொடுத்தவர்கள்தானே?

நான் கெட்டவன் இல்லை. ஆனால் 46 பிள்ளைகளோடு ராத்திரி முழுக்க ஒரே ஒரு ஆளாக, கேள்வி கேட்க யாருமில்லாமல் இருந்தேன். அது எனக்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. வாரத்தில் ஒரு நாள்கூட லீவு கிடையாது, களைத்துப்போய் இரண்டு முறை பிள்ளைகளைக் கை நீட்டி அடித்திருக்கிறேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கே நம் மாநிலத்தில் பெண்களும் பிள்ளைகளும் தங்கும் விடுதிகளுக்கு 2014ல் சட்டமே வந்துவிட்டது, உரிமம் வாங்காமல் நடத்தக் கூடாது. கடல் தாண்டி அனுப்பும்போது மட்டும் நம் ஆட்கள் ஒரு வழியனுப்புக் கூட்டமும் சால்வையும் போதும் என்கிறார்கள். குறைந்தது மூன்று மாதமாவது ஒரு நல்ல விடுதியில் அனுபவப்பட்ட காப்பாளரோடு தங்கவைத்துவிட்டு அனுப்புங்கள், போகிற இடத்தில் ராத்திரிக்கு இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் சபையிலிருந்து வரும் ஜனவரியில் ஒரு பையன் கிளம்புகிறான், இதே வேலைக்கு. என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் அண்ணாச்சி என்று கேட்டான். மூன்று ஸ்வெட்டர், நல்ல டார்ச் ஒன்று என்றேன். போன அன்றைக்கே விடுதிச் சாவி ராத்திரியில் எங்கே தொங்கும் என்று கேட்டுவிட்டு எனக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் விடுதிக் காப்பாளர் ஒருவர்,
வள்ளியூர்.