வேலைச் சீட்டில் ஒரு புதிய கேள்வி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எஃகைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கும் நம் வெப்பப் பதன நிலையத்தில், இந்த மாதம் முதல் வேலைச் சீட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. எஃகின் தரம், எண்ணிக்கை, தேவையான கடினத்தன்மை ஆகியவற்றுக்குக் கீழே, "இந்த உதிரி எங்கே, என்ன வேலை செய்யப்போகிறது?" என்று கேட்டிருக்கிறோம். அது நிரப்பப்படாமல் வரும் சீட்டுக்கு உலையில் இடம் ஒதுக்க மாட்டோம். இது சிலருக்குத் தொல்லையாகப் படுகிறது. "டிராயிங்கில் கடினத்தன்மை 58 என்று இருக்கிறது, 58 கொடுத்தால் போதாதா?" என்று இரண்டு பேர் நேரிலேயே கேட்டுவிட்டார்கள். போதாது. ஏன் போதாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

சென்ற ஐப்பசியில் கியர் செய்யும் ஒருவர், ஈ.என். 353 எஃகு என்று எழுதி, பினியன் எனப்படும் சிறு பற்சக்கரங்கள் நாற்பதைக் கொடுத்தார். மேற்பரப்பில் கார்பன் ஏற்றி, எண்ணெயில் தோய்த்து, டெம்பர் செய்து (நொறுங்காமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்கி) அனுப்பினோம். மேற்பரப்பு 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி அளவு; இந்த மடலில் கடினத்தன்மை எண்கள் எல்லாம் இதில்தான்) காட்டியது, கேட்டது கேட்டபடி இருந்தது. மூன்றாவது வாரத்தில் பற்கள் உடைந்து ஒன்பது பினியன்கள் திரும்பி வந்தன. மற்ற முப்பத்தொன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. உடைந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது, 35-ஐ ஒட்டி இருக்க வேண்டிய நடுப்பகுதி 53 காட்டியது. கார்பன் 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய எஃகில் 0.4 இருந்தது. அந்த ஒன்பதும் ஈ.என். 24 என்ற வேறு எஃகு. கார்பன் ஏற்றும் கியரின் பல் வெளியே கடினமாகவும் உள்ளே இளக்கமாகவும் இருந்தால்தான் அதிர்ச்சியைத் தாங்கும். இங்கே உள்ளும் புறமும் ஒரே விறைப்பாக இருந்ததால் தாங்கவில்லை.

எப்படிக் கலந்தது? எஃகுக் கடையில் கம்பியின் ஒரு முனையில் தரத்துக்கு உரிய வண்ணம் பூசியிருப்பார்கள். அந்த முனையிலிருந்தே அறுக்கத் தொடங்கினால் மிச்சத் துண்டு பெயரில்லாமல் ரேக்கில் கிடக்கும். உங்களில் பலருடைய பட்டறையில் நானே இதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வண்ணம் இல்லாத முனையிலிருந்து அறுங்கள். மிச்சத் துண்டில் தரத்தைக் குத்தி வையுங்கள்.

பழியை அவர் மேல் மட்டும் போட எங்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பினியனையும் கிரைண்டரில் ஒரு நொடி தொட்டிருந்தால் எங்கள் மூத்த உலைக்காரர் கண்டுபிடித்திருப்பார். கார்பன் குறைந்த எஃகில் பொறி நீளக் கோடாக ஓடும். கார்பன் கூடக்கூட நுனியில் பூப்பூவாக வெடிக்கும். அன்று ஒரே ஒரு பினியனைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். இப்போது உரசினால் அடையாளம் தெரியாத இடத்தில் ஒவ்வொன்றையும் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால், எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பிவிட்டு உங்களை அழைக்கிறோம்.

இனி அந்த 58-க்கு வருவோம். ஒரு கூர்முனையை அழுத்தும்போது உலோகம் எவ்வளவு உள்வாங்குகிறது என்பதைத்தான் கடினத்தன்மை எண் சொல்கிறது. தேய்மானத்துக்கு அது நல்ல வழிகாட்டி. வளைவையும் முறுக்கையும் திடீர் அடியையும் உதிரி எப்படித் தாங்கும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. பம்ப் ஷாஃப்டுக்கு 50 கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் வாதாடுவது இதனால்தான். சாவி வெட்டு (சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்) உள்ள ஈ.என். 24 ஷாஃப்டுக்கு 28 முதல் 32 வரை போதும். பேரிங்கோ சீலோ உட்காரும் இடம் மட்டும் தேயக்கூடாது என்றால் அந்த இடத்தை மட்டும், மின்சுருளால் சூடாக்கும் இண்டக்‌ஷனில் கடினமாக்கலாம். அல்லது 500 முதல் 530 டிகிரி செல்சியஸில் நைட்ரைடிங் (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றுவது) செய்யலாம். நைட்ரைடிங் என்றால் ஒன்று முக்கியம்: அதற்கு முன் டெம்பர் செய்த வெப்பம் அதைவிட 30 டிகிரியாவது கூடுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உள் வலிமை இறங்கிவிடும், ஷாஃப்டும் கோணிவிடும்.

பருமனையும் எழுதுங்கள். ஈ.என். 8 நல்ல எஃகு, மலிவானது. 15 மி.மீ. கம்பியில் தோய்ச்சல் தரும் கடினம் உள்ளே வரை ஏறும். அதையே 80 மி.மீ. பருமனில் கொண்டுவந்தால் மேல்தோலைத் தாண்டி இறங்காது. பருமனான உருளையின் நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும். கடினமாவதற்கு வேண்டிய வேகம் அங்கே கிடைக்காது. ஈ.என். 24-இல் உள்ள நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் தருவது அவகாசம். மெதுவாகக் குளிர்ந்தாலும் அந்த எஃகு கடினமாகும். கூடுதல் விலை அந்த அவகாசத்துக்குத்தான்.

இடையில் ஒரு தகவல். ஈ.என். எண்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், பி.எஸ். 970 என்ற பிரிட்டிஷ் தரநிலையில் வந்தவை. பிறந்த நாட்டில் அவற்றுக்கு வேறு பெயர் சூட்டிவிட்டார்கள். கோயம்புத்தூரில் நாம் இன்னும் அந்தப் பெயரிலேயே அழைக்கிறோம். ஏற்றுமதி டிராயிங்கில் 817எம்40 என்று கண்டால் குழம்ப வேண்டாம், அது ஈ.என். 24தான்.

ஸ்டெயின்லெஸ் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் செய்யும் நண்பர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "304 ஷாஃப்டை 45-க்கு ஏற்றித் தாருங்கள்" என்று மாதத்துக்கு ஒருவராவது வருகிறார். 18 சதவீத குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உள்ள 304-ஐச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது இன்னும் இளகும். வெப்பத்தால் கடினமாக வேண்டுமானால் 410 அல்லது 420 என்ற ஸ்டெயின்லெஸ் வகை வேண்டும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 410-ஐ ஏறக்குறைய 425 முதல் 565 டிகிரி வரை டெம்பர் செய்தால் அடி தாங்கும் திறனும் துரு எதிர்ப்பும் சேர்ந்து விழும். கடினத்தன்மை 30-க்குள் கேட்டால் அந்த எல்லைக்கு மேலே செய்து தருகிறோம். 40-ஐ ஒட்டிக் கேட்டால் கீழே செய்து தருகிறோம். 35 கேட்டால் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிவரும். அந்த வேலையை நாங்கள் ஏற்பதில்லை.

தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்பதையும் எழுதுங்கள். உப்புத் தண்ணீரில் 410 புள்ளி புள்ளியாக அரிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 அதைவிட நன்றாகத் தாங்கும். தேங்கி நிற்கும் கடல்நீரில் அதுவும் தோற்கும். கடல்நீர்ப் பம்புக்கு டூப்ளெக்ஸ், சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற ஸ்டெயின்லெஸ் வார்ப்புகள் கொண்டுவரும் ஃபவுண்டரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 1,050 டிகிரிக்கு மேலிருந்து அந்த வார்ப்பு மெதுவாக இறங்கினால் உள்ளே சிக்மா என்ற நொறுங்கும் கட்டம் உருவாகும். உலைக் கதவு திறந்ததிலிருந்து வார்ப்பு தண்ணீரில் முழுகும் வரை நாங்கள் நொடிகளை எண்ணுகிறோம். கனமான வார்ப்புகளைத் தூக்க வசதியாக வளையம் வைத்து அனுப்புங்கள்; பிடி தேடுவதிலேயே நொடிகள் போய்விடுகின்றன.

டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) செய்பவர்களுக்குச் சுருக்கமாக. தகடு வெட்டும் பஞ்சுக்கு (துளையிடும் கருவிக்கு) டி2 என்ற எஃகு சரி. உருகிய அலுமினியம் மோதும் டைக்கு டி2 வேண்டாம். சூடும் குளிரும் மாறி மாறித் தாக்கும்போது விரிசல் விடும். அதற்கு எச்13 என்ற எஃகை 44 முதல் 48 வரை கடினத்தன்மையில் வைத்து, குறைந்தது இரண்டு முறை டெம்பர் செய்ய வேண்டும். ஒரே முறை போதும் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

முலாம் பூசப்போவதையும் முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து நகரங்களை இணைக்கும் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், 2013 மார்ச்சில், துத்தநாகம் பூசிய 96 ஆங்கர் கம்பிகளை இழுத்து இறுக்கினார்கள். சில நாட்களிலேயே 32 கம்பிகள் முறிந்தன. வலிமை மிகுந்த எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, இறுக்கம் ஏறியதும் முறித்துவிட்டது. அங்கே கம்பிகள் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் தேங்கிய குழிகளில் நின்றிருந்தன. நம் ஊர்ப் போல்ட்டுகளுக்கு அதே ஹைட்ரஜன் முலாம் தொட்டியிலும் அமிலத் தொட்டியிலும் கிடைக்கிறது. கடினத்தன்மை 39-ஐத் தாண்டிய போல்ட், ஸ்பிரிங் எதுவானாலும், ஜிங்க் முலாம் பூசிய நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் சுட வேண்டும். மறுநாள் காலையில் கொண்டுவந்தால் பயனில்லை. இதற்காக ஒரு சிறிய அடுப்பை இரவு பத்து மணி வரை திறந்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உதிரி உடைந்தால், யார் மேல் கோபம் இருந்தாலும், உடைந்த துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், விரலால் தொடாதீர்கள். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போல அந்த முகத்தில் வரிகள் இருந்தால், விரிசல் எங்கே தொடங்கி எப்படி மெல்ல வளர்ந்தது என்பதை அவற்றைக் கொண்டு படிக்கலாம். பெரும்பாலும் அந்த வரிகள் கூரான ஒரு சாவி வெட்டு மூலையில் போய் முடியும். ஒருமுறை தேய்த்துவிட்டால் படிக்க எதுவும் மிஞ்சாது. உலர்ந்த துணியில் தனித்தனியாகச் சுற்றி எடுத்து வாருங்கள். வார நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் நான் இருப்பேன், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் வெப்பப் பதன நிலையத்தார்,
குறிச்சி, கோயம்புத்தூர்