கவின் கலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு: வெயிலில் படம் அச்சிடக் கற்றுக்கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், எந்தத் துறையானாலும் சரி, கையால் செய்யும் பழைய ஒளிப்பட முறை ஒன்றையாவது முதலாண்டிலேயே கற்றுக்கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஒரு சிலருக்குச் சொல்லித்தருகிறீர்கள் என்றால் மிக்க மகிழ்ச்சி. அது எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

தொடங்குவதற்கு சயனோடைப் என்ற நீல அச்சு முறை போதும். 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, மங்கலான வெளிச்சத்தில் சம அளவு கலந்து, தாளில் பூசி இருட்டில் காயவிட வேண்டும். அதன்மேல் வேப்பங்கொத்தோ, வெளிச்சமும் நிழலும் இடம்மாறித் தெரியும் நெகட்டிவோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், மஞ்சள் கலந்த பச்சைத் தாள் மெல்லச் சாம்பல் பூக்கும். அப்புறம் தண்ணீரில் அலசினால், வெயில் படாத இடத்து மருந்து கரைந்து வெள்ளை தெரியும். வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தும் வேண்டாம், முழு இருட்டறையும் வேண்டாம்.

செல்போனில் எடுத்த படம் எப்படி உருவானது என்று எடுத்தவருக்கே தெரிவதில்லை. இங்கே தூரிகை எங்கே தயங்கியது, தாள் எவ்வளவு மருந்தைக் குடித்தது, எல்லாமே படத்தில் இருக்கும். ஒரே நெகட்டிவை இரண்டு பேர் அச்சிட்டால் இரண்டு வேறு படங்கள் கிடைக்கும். என்னை இதில் பிடித்துவைத்திருப்பது அதுதான்.

நம் ஊரில் கையால் செய்யும் ஒளிப்படத்துக்குப் பெரிய முன்னோடி உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகேற்றிய தாள் நெகட்டிவ்களில் பதிவு செய்தார். கண்ணாடியில் கொலோடியன் என்ற ஒட்டும் கரைசலைப் பூசும் முறையில் ஈரம் காய்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். மெழுகுத்தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களை நெகட்டிவின் மேலேயே கையால் தீட்டினார். ஓவியமும் ஒளிப்படமும் ஒரே தாளில் கலந்த வேலை அது. அதை உங்கள் மாணவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார்? சென்னைக் கல்லூரியை 1850-இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரும் ஒளிப்படத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்தான்.

ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வையுங்கள். ஃபெரிசயனைடை அமிலத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சில்வர் நைட்ரேட் பூசும் உப்புத்தாள் அச்சு அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். விலையும் அதிகம், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பயிற்சிக்கு ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். மருந்து கலக்குவதிலிருந்து தாள் காயவைப்பதுவரை கூடவே நின்று செய்து தருகிறேன்.

அன்புடன்,
சயனோடைப் அச்சிடும் ஓர் ஒளிப்படக் கலைஞர்