கைத்தறி ஆடைச் சேகரிப்புக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

காஞ்சிபுரத்தில் நாங்கள் அமைத்துள்ள கைத்தறி ஆடைச் சேகரிப்புக்காகத் தங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்துவிட்ட அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய பட்டுப்புடவைகளை விலைபேசித் தெருவில் வருவோரிடம் போட்டிருந்தால் கையில் உடனே காசு கிடைத்திருக்கும். அதை வேண்டாமென்று விட்டு எங்களிடம் ஒப்படைத்தீர்கள்.

பிள்ளையார்பாளையத்து அம்மையார் ஒருவர் தம் மாமியாரின் முகூர்த்தப் புடவையைத் தந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என குறுக்கிழையைக் கொண்டு ஓடும் மூன்று நாடாக்கள் ஓட, துணைக்கு ஒருவர் அருகில் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க நெய்யப்பட்ட கோர்வைப் புடவை அது. முந்தானை தொடங்குமிடத்தில், உடலின் பாவிழைகளோடு (நீளவாக்கில் ஓடும் நூல்களோடு) புதிய நிறத்துப் பாவிழைகளைக் கோத்த பிட்னி வரி விரலுக்குத் தட்டுப்படுகிறது. நெடுநாள் ஒரே மடிப்பில் இருந்ததால் அந்தக் கோட்டில் சரிகை முறிந்திருக்கிறது. அதைச் செப்பனிடாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

பட்டோடு நின்றிருந்தால் சேகரிப்பு அரைகுறையாகவே இருந்திருக்கும். ஈரிழைத் துண்டுகளையும், கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த புடவையையும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியையும் தந்தவர்களுக்கு நன்றி. மூன்று பிள்ளைகளுக்குத் தூளியாகவும் கிடந்த மதுரைச் சுங்குடி ஒன்றை, “கிழிசல்தானே” என்று கூச்சத்துடன் நீட்டினார் ஒருவர். நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்த புள்ளிகள் நடுப்பகுதியில் வெளுத்தும், கொசுவத்துள் மறைந்திருந்த ஓரத்தில் பளிச்சென்றும் இருக்கின்றன. பார்க்க வருவோர் அதன் முன்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

அச்சு, விழுது, தார், அடை என்று நெசவுக் கருவி ஒவ்வொன்றுக்கும் தறிக்காரர் சொல்லையே குறிப்பட்டையில் எழுதச் செய்த மூத்த நெசவாளர்களுக்கும், முதல் மழையில் எங்கள் அறை ஒழுகியபோது இரவோடிரவாகத் தம் மாடியை ஒழித்துக் கொடுத்த மளிகைக்கடைக்காரருக்கும், வெளுக்காத பருத்தித் துணியை இடையிட்டுப் புடவைகளை உருளைகளில் சுற்றி, வசம்புப் பொட்டலம் வைத்த மாணவியருக்கும் கடன்பட்டுள்ளோம்.

விளக்கு மங்கலாக இருப்பதாகக் குறைப்பட்டோர் பொறுத்தருள வேண்டும். சாயம் வெளுக்காதிருக்க, அருங்காட்சியகங்கள் துணிகளுக்குக் கடைப்பிடிக்கும் 50 லக்ஸ் ஒளியளவுக்குள் நாங்களும் நிற்கிறோம். இரவலாகத் தந்தவர்கள் தங்கள் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
சேகரிப்புக் குழுவினர்,
காஞ்சிபுரம்